சுரங்கத்துக்கு இந்தப் பக்கமும் நான் ஆசிரியைதான்

மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களின் கல்விச் செயலாளர்களுக்கும், மாகாணக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பதுளை ரயிலில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், பட்டிப்பொல தாண்டியதும் ஒரு சுரங்கம் வரும். பட்டிப்பொல நுவரெலியா மாவட்டம். அடுத்து வரும் ஒஹிய பதுளை மாவட்டம். ஆடி மாதத்தில் ஒரு பக்கம் மழையும் மூடுபனியுமாக இருக்கும், மறுபக்கம் வெயில் எரிக்கும். ரயில் இருட்டுக்குள் நுழைந்ததும் எல்லாப் பெட்டிகளிலும் பிள்ளைகள் கூவுவார்கள். அவர்கள் கூவி முடிப்பதற்குள் மாகாணம் மாறிவிடும்.

நான் அந்தச் சுரங்கத்தின் ஒரு பக்கத்தில் பிறந்து, படித்து, ஆசிரியையாகி, மறுபக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்று இங்கே எழுதவில்லை. என்னை அலைய வைத்த பணிமனைகளின் பெயரையும் எழுதப் போவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்களில் சிலர் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் எழுந்து வந்து என் ஆவணக் கோவையைத் தேடியவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாகாண எல்லையைத் தாண்டும்போது ஓர் ஆசிரியரின் சான்றிதழுக்கு என்ன நடக்கிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மாதம் 6,000 ரூபா கொடுப்பனவுக்கு ஆசிரிய உதவியாளர்களாகத் தோட்டப் பாடசாலைகளுக்குச் சேர்க்கப்பட்டோமே, அந்தத் தொகுதியில் நானும் ஒருத்தி. பிறகு அது 10,000 ரூபா ஆனது. அந்தக் காசில் பஸ்ஸுக்கும் கொடுத்து, வீட்டுக்கும் கொடுத்து, வகுப்பறைக்குத் தேவையான பிரிஸ்டல் போர்டும் வாங்கினோம். அப்புறம் கொட்டகலை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் பயிற்சி. ஆரம்பக் கல்விதான் என் பாடநெறி. அதை முடித்துச் சான்றிதழ் வாங்கிய பிறகு இலங்கை ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்பட்டேன். அந்த உள்வாங்கலின்போது என் சான்றிதழ்கள் எல்லாம் ஒருமுறை பரீட்சைத் திணைக்களத்தின் மூலம் உறுதிப்படுத்தப்பட்டன. அந்தக் கடிதம், என் சேவைக் காகிதங்கள் எல்லாம் இருக்கும் சுயவிபரக் கோவையில், சிவப்பு மையால் பக்க இலக்கம் போட்டு, கோர்க்கப்பட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

திருமணத்துக்குப் பின் மூன்று வருடங்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் கிளம்பி ஞாயிறு திரும்புகிற வாழ்க்கை. மாகாண இடமாற்றத்துக்கு இரண்டு மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும். விடுவிக்கிற மாகாணம் பதிலாள் கேட்கும், ஏற்கிற மாகாணம் வெற்றிடம் இருக்கிறதா என்று பார்க்கும். அந்தக் காத்திருப்பை நான் குறை சொல்லவில்லை. என் பழைய பாடசாலையில் நான் போய்விட்டால் தரம் 3க்கு ஆள் இல்லை. பதிலாள் வந்து சேர்ந்த பிறகுதான் என்னை விட்டார்கள், அது சரி. தோட்டப் பாடசாலையில் ஒரு கதிரை காலியானால் எத்தனை வருடம் காலியாகவே கிடக்கும் என்பதை அங்கே படித்த எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. இடமாற்றத்தை இலகுவாக்குங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. இடமாற்றத்தைக் கொடுத்த பிறகு நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புதிய பாடசாலையில் கடமையேற்று மூன்றாம் நாள் வலயக் கல்விப் பணிமனைக்குப் போனேன். என் சுயவிபரக் கோவை வந்து சேரவில்லை. ‘வரும்வரை ஒரு தற்காலிகக் கோவை திறப்போம்’ என்றார் விடயத்துக்குப் பொறுப்பான கிளார்க். புது மட்டை எடுத்து, என் பெயரை எழுதி, முதல் பக்கத்து விபரப் படிவத்தை நிரப்பினார். ‘பயிற்றப்பட்டவர்’ என்ற கட்டம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். அந்தக் கட்டத்தில் ஒரு சிறிய கேள்விக்குறி போட்டார். சான்றிதழின் மூலப் பிரதி மேசையில், அவருடைய கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ‘இதை உறுதிப்படுத்தின கடிதம் வேணும் டீச்சர்’ என்றார். அது என் கோவையில் இருக்கிறது என்றேன். ‘கோவை வரவில்லையே’ என்றார். அவர் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை.

அந்த மாதம் சம்பளம் வரவில்லை. பழைய பணிமனையின் இறுதிச் சம்பளச் சான்றிதழ் வந்தால்தான் புதிய பணிமனை சம்பளப் பட்டியலில் பெயரைச் சேர்க்கும். அதுவும் கோவையோடுதான் வரவேண்டியிருந்தது. இரண்டாம் மாதமும் இல்லை. மூன்றாம் மாதம் என் காப்பு இரண்டும் அடகுக்குப் போயின. சம்பள ஏற்றத் திகதியும் இந்த இடைவெளிக்குள் வந்து போனது. வருடாந்தப் படிவத்தில் யார் கையொப்பம் வைப்பது என்று இரண்டு பணிமனைகளுக்கும் தெரியவில்லை. பழைய வலயம் ‘இப்போது நீங்கள் எங்கள் ஆள் இல்லை’ என்றது. புதிய வலயம் ‘அந்த வருடம் நீங்கள் எங்களிடம் வேலை செய்யவில்லை’ என்றது.

உறுதிப்படுத்தல் கடிதத்தை மறுபடியும் எடுக்க இரவு பஸ் ஏறிப் பத்தரமுல்லைக்குப் போனேன். விடியற்காலையில் இறங்கி, பெலவத்தையில் பரீட்சைத் திணைக்களம் திறக்கும்வரை பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் லீவு, இரண்டு வழிப் பயணம், தரம் 2 பிள்ளைகள் ஆசிரியை இல்லாமல் கழித்த ஒரு நாள். விண்ணப்பப் படிவத்தில் ‘எதற்காக’ என்று ஓர் இடம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ஏற்கெனவே அரச சேவையில் நிரந்தரமாக்கப்பட்ட ஒருத்தி, அதே சேவையில், அதே தரத்தில், அதே பாடத்தைக் கற்பிக்க வந்திருக்கிறேன். எதற்காக?

இங்கேதான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இலங்கை ஆசிரியர் சேவைக்கு, அதன் விதிகளைச் சொல்லும் சேவைப் பிரமாணக் குறிப்பு ஒன்றுதான். 1994இல் ஒன்று வந்தது, 2014இல் திருத்திப் புதிதாக வந்தது. இரண்டும் முழு நாட்டுக்கும் பொதுவானவை. சம்பள அளவுத்திட்டம் ஒன்று. பயிற்சிக் கலாசாலை இறுதிப் பரீட்சையை நடத்துவது ஒரே பரீட்சைத் திணைக்களம். கல்வியியற் கல்லூரி டிப்ளோமாவும் அப்படித்தான். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்தவருக்கு மாத்தளையிலும் அதே டிப்ளோமா, மொனராகலையிலும் அதே டிப்ளோமா. 1987இல் 13ஆவது திருத்தம் வந்து மாகாண சபைகள் உருவானபோது பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணங்களுக்குப் போயின. நியமன, இடமாற்ற அதிகாரமும் மாகாணத்துக்குப் போனது. ஆனால் சான்றிதழ் மாகாணத்துக்குப் போகவில்லை, அது நாட்டினுடையதாகவே இருக்கிறது. அப்படியானால் எல்லையில் வைத்து அதை முதலிலிருந்து சோதிப்பது எந்த விதியின்படி? நான் கேட்டவர்களில் ஒருவராலும் ஒரு சுற்றுநிருபத்தைக் காட்ட முடியவில்லை. ‘வழக்கமாக அப்படித்தான் செய்வோம்’ என்றார்கள்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தன் ஆசிரியர்களுக்குத் தானே உரிமம் கொடுக்கிறது. ஒரு மாநிலத்து உரிமம் இன்னொரு மாநிலத்தில் அப்படியே செல்லாது, சில இடங்களில் பரீட்சை எழுத வேண்டும், சில இடங்களில் மேலதிகப் பாடம் படிக்க வேண்டும். அங்கே சான்றிதழ்களே வேறு வேறு, ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பதில் நியாயம் உண்டு. அப்படியிருந்தும் எந்த மாநிலத்துச் சான்றிதழை எந்த அளவுக்கு ஏற்பது என்று மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்து எழுதி வைத்திருக்கின்றன. இங்கே சான்றிதழ் ஒன்றே. எழுதி வைத்த உடன்பாடுதான் இல்லை.

போலிச் சான்றிதழ்களோடு வேலைக்கு வந்தவர்கள் பிடிபட்ட செய்திகளை நானும் வாசித்திருக்கிறேன். சோதிப்பது தேவை. பிள்ளைகள் முன்னால் நிற்கப் போகிறவரின் தகைமையைப் பார்க்காமல் விட்டால் நானே சண்டைக்கு வருவேன். ஆனால் சேவைக்குள் எடுக்கும்போது அரசு ஒருமுறை சோதித்துவிட்டது. அந்தச் சோதனையை ஒரு மாகாணம் செய்தால் இன்னொரு மாகாணம் நம்பாதா?

இப்போது என் பெயருக்கு வருகிறேன். என் பெயரில் ஒரு ‘ழ’ இருக்கிறது. அப்பா ஆசையாக வைத்த பெயர். தோட்டத்து டிஸ்பென்சரியில் பிறந்து, பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் எழுதப்பட்டபோது அந்த ‘ழ’ போய்விட்டது. சிங்களத்தில் அதற்கு எழுத்தில்லை, எழுதியவர் ‘ல’ போட்டார். அடையாள அட்டையில் ‘ள’ ஆனது. சாதாரண தரப் பெறுபேற்றில் ஆங்கிலத்தில் ஒரு விதம், பயிற்சிக் கலாசாலைச் சான்றிதழில் இன்னொரு விதம். திருமணத்துக்குப் பின் சில கடிதங்களில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து, சிலவற்றில் கணவருடையது. பழைய வலயத்தில் இதற்கெல்லாம் ஒரு சத்தியக் கடதாசி கொடுத்து, சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்கி, விடயம் முடிந்திருந்தது. அந்தச் சத்தியக் கடதாசியும் கோவைக்குள். புதிய இடத்தில் ‘இந்த நான்கு பேரும் ஒரே ஆள்தானா?’ என்று கேட்டார்கள். கேட்டவர் மரியாதையாகத்தான் கேட்டார். நான்தான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏன் அப்படி நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காகிதம் என்றால், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் மலையகச் சனத்துக்கு ஒரு பயம் இருக்கிறது, அது சும்மா வந்த பயம் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் தாத்தாவிடம் ஒரு றங்குப்பெட்டி இருந்தது. அதன் அடியில் வேட்டிக்குக் கீழே, எண்ணெய்த் துணியில் சுற்றி, தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்றோல் துண்டிலிருந்து பதிவுக் கடிதம்வரை வைத்திருந்தார். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் மழைத்தண்ணீர் ஏறினால் முதலில் தூக்குவது அந்தப் பெட்டியைத்தான். நெல்லு மூட்டை அப்புறம். அவர் கையில் ஒரு காகிதம் குறைந்ததால் சித்தப்பாவின் பிரஜாவுரிமை பல வருடம் இழுபட்டது. 2003இல் ஒரு சட்டம் வந்துதான் மிச்சமிருந்தவர்களின் கதை முடிந்தது.

அந்த வீட்டில் வளர்ந்தவள் நான். ‘உங்கள் காகிதம் போதாது, நீங்கள் யார் என்று காட்டுங்கள்’ என்று ஓர் அரச பணிமனையில் ஒருவர் சொல்லும்போது என் காதில் விழுவது அந்த ஒரு வசனம் மட்டும் இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களில் பொறுப்பேற்கத் தொடங்கியதால்தான் நான் படித்தேன், சேவைக்கு வந்தேன். ஆசிரியர் நியமனக் கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. கடிதத்தைச் சாமித் தட்டில் வைத்தார். இந்தக் காகிதத்தையாவது இனி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நினைத்தார்.

அலைச்சலின் நடுவே எனக்கு வந்த கடிதங்கள் சிங்களத்தில் வந்தன. எங்கள் பாடசாலையில் சிங்களம் இரண்டாம் மொழி கற்பிக்கிற ஆசிரியர் ஓய்வறையில் வைத்து வாசித்துச் சொல்வார். என் சம்பளமும் என் திருமணமும் என் பெயர்க் குழப்பமும் எல்லோருக்கும் கேட்கும். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறுகிற உரிமை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையில் இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குக் குடியியலில் சொல்லிக் கொடுக்கிறோம். எனக்கு இரண்டு மொழியும் சரளமாக வராதது என் குறையாகவே இருக்கட்டும். நுவரெலியாவிலும் பதுளையிலும் இத்தனை தமிழ் ஆசிரியர்கள் வேலை செய்யும்போது, ஒரு பக்கக் கடிதத்தைத் தமிழிலும் அனுப்ப முடியாதா?

கோவை எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்கிறேன், என்னைப் போல் அலைகிற வேறு ஆசிரியர்களுக்கும் உதவும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பழைய வலயத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். என் சுயவிபரக் கோவை எந்தத் திகதியில், எந்த அஞ்சல் இலக்கத்தில், எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது என்று மூன்றே கேள்வி. 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தந்தார்கள், அதற்கு நன்றி. கோவை நான் விடுவிக்கப்பட்டு ஐந்து வாரம் கழித்து அனுப்பப்பட்டிருந்தது. முகவரியில் வேறொரு வலயம். அங்கே போய் விசாரித்தால், பெயர் அவர்கள் பட்டியலில் இல்லை என்று ஓர் அலுமாரியின் கீழ்த் தட்டில் தனியாக வைத்திருந்தார்கள். ஓரத்தில் ஈரம் ஏறி, மட்டை ஊதியிருந்தது. நூலை அவிழ்த்துப் பக்கங்களைத் தள்ளினேன். உறுதிப்படுத்தல் கடிதம், சத்தியக் கடதாசி, இறுதிச் சம்பளச் சான்றிதழ், எல்லாம் சிவப்பு இலக்கத்தோடு அப்படியே இருந்தன. ஏழு மாதம் நான் தேடியது எல்லாம் அந்த ஒரு மட்டைக்குள்.

என் சம்பள நிலுவை வந்துவிட்டது. காப்பையும் மீட்டுவிட்டேன். ஆகவே எனக்காக நீங்கள் செய்ய அதிகம் இல்லை. ஆனால் மலையகத்தில் ஒரு பெண் ஆசிரியை திருமணம் செய்தால் தோட்டம் மாறுவாள், பல வேளை மாகாணமும் மாறும். ஹட்டனிலிருந்து பண்டாரவளைக்கு, இரத்தினபுரியிலிருந்து தலவாக்கலைக்கு, பசறையிலிருந்து மாத்தளைக்கு. ஒவ்வொரு தடவையும் அவளே ஓடி, அவளே நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். மூன்று மாகாணங்களும் சேர்ந்து கையொப்பமிட்ட ஒரு சுற்றுநிருபம் போதும். விடுவிப்புக் கடிதம் கொடுக்கிற அன்றே கோவையும் இறுதிச் சம்பளச் சான்றிதழும் பதிவுத் தபாலில் போக வேண்டும், தபால் இலக்கம் எழுதிய துண்டு ஆசிரியரின் கையில் இருக்க வேண்டும். கோவையின் மேலே ஒரு பக்கம்: இவருடைய சான்றிதழ்கள் எவை, எந்தத் திகதியில், எந்தக் கடிதத்தின் மூலம் உறுதிப்படுத்தப்பட்டன, பெயர் வேறுபாடுகள் எந்தச் சத்தியக் கடதாசியால் தீர்க்கப்பட்டன என்று எழுதி, வலயக் கல்விப் பணிப்பாளர் முத்திரை வைக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்றும் ஆசிரியரிடம் இருக்கட்டும். ஏற்கிற வலயம் அதை ஏற்க வேண்டும். சந்தேகம் வந்தால் பணிமனை பணிமனையைக் கேட்கட்டும், அதுவரை சம்பளமும் சம்பள ஏற்றமும் நிற்கக் கூடாது. எல்லாக் கடிதமும் தமிழ் ஆசிரியருக்குத் தமிழிலும் வரட்டும். அதிபர்கள் மூலம் எங்கள் விபரங்கள் எல்லாம் ஏற்கெனவே கல்வி அமைச்சின் நெமிஸ் தரவுத்தளத்துக்குப் போயிருக்கின்றன. காகிதம் வழி தவறினாலும் அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எங்கள் பாடசாலையில் என்னோடு வேலை செய்கிற ஒரு தங்கச்சிக்கு, வருகிற ஜனவரியிலிருந்து அடுத்த மாகாணத்துக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு டவுனில் போட்டோ கொப்பிக் கடைக்குப் போனேன். அவளுடைய ஒவ்வொரு காகிதத்திலும் ஐந்து பிரதி எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் இத்தனை எதற்கு என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சுற்றுநிருபம் ஜனவரிக்கு முன்னால் வந்தால் அவளுக்கு ஒரு பிரதி போதும்.

இன்னொன்று. என் கோவையின் முதல் பக்கத்தில் ‘பயிற்றப்பட்டவர்’ என்ற கட்டத்தில் அந்தப் பென்சில் கேள்விக்குறி இன்னும் இருக்கிறது. தற்காலிகக் கோவையைப் பழைய கோவையோடு சேர்த்துக் கட்டியபோது யாரும் அதை அழிக்கவில்லை. அதைத் தயவுசெய்து அழித்துவிட்டு, மையால் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாகாணம் மாறி வந்த ஆரம்பக் கல்வி ஆசிரியை ஒருத்தி
மலையகம்